கோணமலைக் காட்டிற் பெருங்கிளி

கிளியைப் பாடாத தமிழ்ப் புலவரைக் காண்டல் அரிது. தினைப்புனத்தில் மகளிர் தட்டையும் குளிரும் கொண்டு ஓட்டியது கிளி. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர்பால் தூது விடுத்ததும் கிளி. ஆண்டாள் திருக்கையிலும் மீனாட்சியம்மை திருக்கையிலும் இருப்பது அதுவே. ஆயினும், அவ்வொரு சொல்லுள் எத்தனை இனங்கள் அடங்கும் என்பது நம் வகுப்பறைகளிற் பெரிதும் எழாத வினா.

இலங்கையில் இயல்பாக வாழும் கிளியினங்கள் ஐந்து. அவற்றுள் இரண்டு இத்தீவிலன்றி வேறெங்கும் இல்லாதவை. உருவிற் பெரியதோ, ஆங்கிலேயர் மாவீரன் அலெக்சாந்தரின் பெயரால் வழங்கும் கிளி. சிங்களத்தில் இதனை 'லபு கிரவா' என்பர். லபு என்பது சுரைக்காய். ஏறத்தாழ இரண்டடி நீளம். அதிற் பாதி வால். நாள்தோறும் நாம் காணும் சிறிய பச்சைக்கிளிக்கு இல்லாத கருஞ்சிவப்புத் திட்டொன்று இதன் தோளில் உண்டு. தமிழர்க்கு உவப்பான செய்தி ஒன்றும் ஈண்டுச் சொல்லத்தக்கது. 1760இல் பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் இதனைச் 'செஞ்சிக் கிளி' என்னும் பொருள்படப் பெயரிட்டு வருணித்தார். அக்காலத்தில் செஞ்சிக்கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. 1766இல் லின்னேயசு இட்ட இலத்தீன் பெயரே நிலைத்தமையால் செஞ்சி மறைந்தது.

என்னிடம் பயின்று, இப்பொழுது திருக்கோணமலையில் ஆசிரியராக விளங்கும் அன்பர் ஒருவர், "ஐயா, எங்களுக்குக் கிளிவிடு தூது படிப்பித்தீர்கள். தூது போகும் வலிமையுள்ள கிளியைக் காட்டுகின்றேன், வாருங்கள்" என்றழைத்தார். மாசி மாதத்து வைகறையில், சீனக்குடாவிற்கும் கன்னியாவிற்கும் இடைப்பட்ட காட்டோரம் சென்று நின்றோம்.

குரலே முந்தி வந்தது. சிறுகிளியின் கீச்சொலி அன்று. தொண்டையின் அடியிலிருந்து எழும் கரகரத்த முழக்கம். பின்னர் இரண்டு கிளிகள் பாலை மரத்தின் உச்சியில் வந்தமர்ந்தன. ஆணின் கழுத்திற் கருங்கோடும் செவ்வாரமும் தெளிவாகத் தெரிந்தன. பெண்ணுக்கு ஆரம் இல்லை. சிறிது நேரத்திற் பெண்கிளி கீழிறங்கிப் பொந்தொன்றினுட் புகுந்தது. இக்கிளி கூடு முடைவதில்லை. முதுமரத்துப் பொந்தே அதன் வீடு. இரண்டு முதல் நான்கு முட்டைகளே இடும். முதுமரம் வீழின் குடியும் வீழும்.

அடுத்த மரத்தைக் கண்டபோது மனம் வெதும்பிற்று. அடியிலிருந்து மேலே ஏறுதற்கு வரிசையாகக் கட்டைகள் அறையப்பட்டிருந்தன. பொந்தின் வாய் கோடரியாற் பிளக்கப்பட்டிருந்தது. விறகு பொறுக்க வந்த முதியவர், "குஞ்சு எடுத்த பொந்து, ஐயா. இந்தக் கிளிதான் நல்லாய்க் கதைக்குமெண்டு கூட விலை குடுக்கிறாங்கள்" என்றார். 1937ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தோன்றிற்று. எனினும் கட்டைகள் ஏறிக்கொண்டேயிருக்கின்றன. கூண்டிலடைத்த கிளிக்குத் திருவாசகம் சொல்லப் பழக்கிவிட்டதாகப் பெருமை பேசும் அன்பர் சிலரை யான் அறிவேன். அதனைப் பக்தியென ஏற்க என்னால் இயலவில்லை.

நம் ஆசிரிய அன்பர் தம் மாணவர் சிலரைக் கொண்டு அவ்வட்டாரத்துப் பொந்துகளைக் குறிப்பேடொன்றிற் பதிந்து வருகின்றார். இடத்தை மட்டும் எவர்க்கும் சொல்வதில்லை, யானும் சொல்லேன். அன்று அவ்வேட்டில், அப்பாலை மரத்தின் எதிரே, 'குடியிருப்பு உண்டு' என்று எழுதும்படி எழுதுகோலை என்னிடம் தந்தார்.