படுத்துக்கொண்டே நடந்தவர்கள்!

மலை மேல் பஸ்ஸில் போயிருப்பீர்கள். மலைக்குள் படகில் போயிருக்கிறீர்களா?

இங்கிலாந்தில் இதற்கென்றே லீவு போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். 'நேரோபோட்' என்று ஒரு படகு. அகலம் ஏழு அடிக்கும் கம்மி, நீளமோ எழுபது அடி வரைக்கும். நம்ம வில்லியனூர் பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தி, ஒரு மாசம் பட்டினி போட்டால் கிடைக்கும் உருவம். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் சகலமும் உண்டு. வாடகைக்கு எடுப்பவரே ஓட்டலாம், லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். பின்னால் நின்று சுக்கான் கட்டையை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும் (மேனேஜர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்து பழகியவர்களுக்கு இது ரொம்ப ஈஸி!). ஸ்பீடு? மணிக்கு நாலு மைலைத் தாண்டக்கூடாது. கரையில் வாக்கிங் போகிற தாத்தா நம்மை ஓவர்டேக் பண்ணிவிடுவார்.

போகிற வழியில் திடீரென்று எதிரே மலை. அடியில் ஒரு ஓட்டை. ஹெட்லைட்டைப் போட்டு, ஹார்ன் அடித்துவிட்டு உள்ளே நுழைய வேண்டியதுதான். கும்மிருட்டு, தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஹேர்காசில் என்ற சுரங்கம் சுமார் 2.6 கிலோமீட்டர். கடக்க நாற்பது நிமிஷம். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு ஜாலி. நமக்கு கரண்ட் கட் ஞாபகம் வரும்.

ஜாலி எல்லாம் இப்போதுதான். அந்தச் சுரங்கங்களை ஹனிமூன் ஜோடிகளுக்காக யாரும் வெட்டவில்லை. ரயில் வருவதற்கு முந்தைய காலம். நிலக்கரியும் பஞ்சும் துணியும் படகில்தான் போயின. கரையில் நடக்கும் குதிரை கயிற்றால் படகை இழுக்கும். சுரங்கத்துக்குள் குதிரைக்கும் பாதை வேண்டுமென்றால் இன்னும் அகலமாக வெட்ட வேண்டுமே, செலவு? பல இடங்களில் பாதையே போடாமல் விட்டுவிட்டார்கள். குதிரையை அவிழ்த்து மலை மேல் ஏற்றி அந்தப் பக்கம் கூட்டிப் போவார்கள்.

படகை யார் நகர்த்துவது? மனுஷன்தான்! படகில் பலகை மேல் மல்லாக்கப் படுத்து, சுரங்கச் சுவரில் காலை ஊன்றி, படுத்த வாக்கிலேயே நடக்க வேண்டும். மிக நீளமான ஸ்டான்எட்ஜ் சுரங்கம் 1794-ல் ஆரம்பித்து 1811-ல் திறக்கப்பட்டது. ஐந்து கிலோமீட்டருக்கும் மேல். வில்லியனூரிலிருந்து பாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரத்தையும் இருட்டில், காலால் சுவரை உதைத்தே தாண்ட வேண்டும். சரக்கு ஏற்றிய படகென்றால் சுமார் மூன்று மணி நேரம். கூலி ஒன்றரை ஷில்லிங். 1944-ல் மூடிய அந்தக் கால்வாயை 2001-ல் மறுபடி திறந்தார்கள். இப்போது டூரிஸ்டுகள் போகிறார்கள்.

சரி, நம்ம பக்கம்? பாகூர் ஏரியில் கரைக்கு அடியில் மதகு வழியாகத் தண்ணீர் வெளியே போகிறது. அந்தச் சுரங்கத்தில் கெண்டை மீனுக்கு மட்டும்தான் டிக்கெட்! பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணையிலிருந்து அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டவைத்தார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள்.

படகு போன கால்வாய் என்றால் பக்கிங்ஹாம்தான். 1806-ல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் பக்கம் வெட்ட ஆரம்பித்து, கடைசியில் தெற்கே நம் பக்கத்து ஊரான மரக்காணம் வரைக்கும் நீண்டது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்கு வேலை கொடுத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பகுதியை வெட்டினார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு!

இங்கே சுரங்கம் கிடையாது. கடற்கரை தோசைக்கல் மாதிரி தட்டை. ஆனால் இழுப்பவர் உண்டு. 1934-ல் நம்ம புதுச்சேரிக் கவிஞர் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் போனார். அதைப் பற்றி 'மாவலிபுரச் செலவு' என்று ஒரு கவிதை எழுதினார். நிலா, தண்ணீர், சிநேகிதர்கள்... இதற்கு மேல் ஒரு கவிஞருக்கு என்ன வேண்டும்? ஆனாலும் அவர் கண், படகை நகர்த்த உடம்பு நோக உழைத்தவர்கள் மேலேயும் போனது.

பிற்பாடு வந்த புயல்களில் கால்வாய் சீரழிந்து படகுகள் நின்றன. காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாயைச் சேர்த்து 2008-ல் தேசிய நீர்வழி-4 என்று அறிவித்தார்கள். என்றைக்காவது மரக்காணத்தில் ஏறி ஹாயாகக் கால் நீட்டிப் போகலாம்.

பி.காம். படித்தவன் புத்தி கணக்கில்தானே போகும்? ஒரு பக்கம் பற்று எழுதினால் எதிர்ப்பக்கம் வரவு எழுதியாக வேண்டும். கால்வாய்க் கணக்கில் ஒரு பக்கம் பக்கிங்ஹாம் என்றும் பங்காரி என்றும் பெயர் போட்டாயிற்று. மண்வெட்டி பிடித்தவர், கயிறு இழுத்தவர், படுத்துக்கொண்டே நடந்தவர் இவர்களுடைய பக்கம் காலியாகவே இருக்கிறது. அந்தக் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை சார்!