குறி சுடப்படாத கன்றுகள்: போட்லண்ட் மாவெறிக்ஸ் அணியின் ஐந்தாண்டு வரலாறு

விளையாட்டுக் கழகமொன்றின் சிறப்பை அது வென்ற கேடயங்களின் தொகையைக் கொண்டு அளத்தல் உலக வழக்கு. அவ்வாறு அளக்கப் புகுவோமாயின், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே 1973 ஆம் ஆண்டு தோன்றி 1977 இல் மறைந்த போட்லண்ட் மாவெறிக்ஸ் என்னும் பேஸ்போல் அணிக்குச் சரித்திரத்தில் இடமே இல்லை. ஆடிய ஐந்து பருவங்களில் ஒன்றிலேனும் அது தன் லீக்கின் இறுதிக் கிண்ணத்தைப் பெற்றதில்லை. எனினும் அக்காலத்துச் சிறு லீக் அணிகளுள் இன்றளவும் பேசப்படுவது அதுவே. இதன் காரணத்தை அறியவேண்டின், அவ்வாட்டம் அந்நாட்டில் நடத்தப்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

பேஸ்போல் ஆட்டத்தின் அமைப்பு எம் வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. எல்லே ஆடியவர்கள் அதன் உருவத்தை ஓரளவு உணர்வர். கிறிக்கெற் ஆடியவர்கள் பந்தெறிபவனுக்கும் துடுப்பாளனுக்கும் இடையே நிகழும் தந்திரப் போரை உணர்வர். அந்நியமானது அதன் நிருவாகமே. நாடு முழுவதும் பெயர்பெற்ற சில அணிகள் பெரு லீக்குகள் இரண்டில் ஆடுகின்றன. அவற்றின் கீழே, படிப்படியாகத் தரம் பிரிக்கப்பட்ட சிறு லீக்குகள் பல உள. முற்காலத்தில் இச்சிறு லீக் அணிகளுட் பல அவ்வவ்வூராருக்கே உரியனவாய், தம் காலிலே தாமே நின்றன. சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் றிக்கி என்பவர் 1920 ஆம் ஆண்டுகளில் ஒரு புதுவழி கண்டார். சிறு அணிகளை வாங்கியும் ஒப்பந்தத்தாற் பிணைத்தும், அவற்றைத் தம் பேரணிக்கு ஆட்டக்காரரை விளைவிக்கும் பண்ணைகளாக்கினார். ஏனைய பேரணிகளும் அவ்வழியே சென்றன. 1949 இல் 59 ஆக இருந்த சிறு லீக்குகளின் தொகையும், தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்தபின், விரைந்து குறைந்தது. 1970 ஆம் ஆண்டுகளிலே பேரணியொன்றின் தயவின்றி வாழ்ந்த சிறு லீக் அணியைக் காண்பது அரிதாயிற்று.

இம்முறையில் வாய்ப்பும் உண்டு; கொடுமையும் உண்டு. பதினெட்டு வயதில் ஒப்பந்தம் செய்யப்பட்ட இளைஞன் இருபத்துமூன்று வயதுக்குள் மேற்படிக்கு ஏறாவிடின், ஒருநாட் காலை அவனை அழைத்து, 'இனி நீ வேண்டியதில்லை' என்று கூறிவிடுவர். அவனது ஆட்டம் கெட்டதென்பது அதன் பொருளன்று; அவனிலும் இளைய ஒருவனுக்கு இடம் தேவைப்பட்டதென்பதே பொருளாகலாம். நன்றாக ஆடத் தெரிந்தும் ஆட இடமில்லாது போனோர் அந்நாட்டில் ஆயிரக்கணக்கினர்.

இத்தகையோரைச் சேர்த்தே பிங் றசல் என்பவர் அணியொன்று அமைத்தார். இவர் தொழிலால் நடிகர். 'பொனான்சா' என்னும் தொலைக்காட்சித் தொடரில் உதவிச் செரிப்பாகப் பல ஆண்டு தோன்றியவர். புளோறிடாவிலே வளர்ந்த இவர், அங்கே பயிற்சிக்கு வந்த நியூயோர்க் யாங்கீஸ் ஆட்டக்காரரைச் சிறுவயதிலேயே நெருங்கிப் பழகி, அவ்வாட்டத்தை வேதம்போற் கற்றவர். போட்லண்ட் நகரிலே நெடுங்காலம் ஆடிய பீவர்ஸ் என்னும் உயர்தரச் சிறு லீக் அணி, பார்வையாளர் அருகியதனால், 1972 ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் ஸ்போக்கேன் நகருக்குப் பெயர்ந்தது. பேஸ்போலுக்கு இந்நகரில் இனி வாழ்வில்லை என்று பலரும் கைவிட்ட அவ்வேளையிலே, றசல் வடமேற்கு லீக்கில் இடம் பெற்றார். அக்காலத்தில் அது தரவரிசையில் அடிப்படியை அடுத்திருந்தது. ஆனி நடுவில் தொடங்கி ஆவணியோடு முடிந்த குறும்பருவ லீக்.

அணிக்கு அவர் இட்ட பெயரே அதன் கொள்கையைக் கூறும். ரெக்சாஸ் மாநிலத்திலே சாமுவேல் மாவெறிக் என்பவர் தம் கன்றுகளுக்குக் குறி சுடாது விட்டமையால், குறியற்ற கன்று எதற்கும் 'மாவெறிக்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. பின்னர் எக்கூட்டத்துக்கும் அடங்காத தனிப்போக்கினரையும் அச்சொல் குறித்தது. மாடுகளுக்குக் குறி சுடும் வழக்கத்தை அறிந்த எம்மவருக்கு இச்சொல்லின் சுவையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1973 இல் ஆட்டக்காரரைத் தெரிவதற்கெனப் பகிரங்க அழைப்பு விடுக்கப்பட்டது. வருவோர் எவராயினும் ஆடிக் காட்டலாம் என்றதும், நாட்டின் பல பாகங்களிலுமிருந்து தம் செலவிலேயே பலர் வந்து குவிந்தனர். பேரணிகளால் விலக்கப்பட்டோரும், வயது கடந்தவர் எனத் தள்ளப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். துடுப்பாளனின் பின்னே நின்று பந்தேந்தும் இடத்துக்கு இடக்கையரை எவரும் வைத்துக்கொள்வதில்லை, மாவெறிக்ஸ் வைத்துக்கொண்டது. சம்பளம் மாதத்துக்குச் சில நூறு டொலர் மாத்திரமே. ஏனைய அணிகள் செலவை எண்ணி ஆட்டக்காரர் தொகையைக் குறைக்க, றசல் 30 பேரை வைத்திருந்தார். இன்னும் ஒரு பருவம் ஆடுதற்கு உரிமையுடையோர் சிலர் உளர் என்பதே அவர் கூறிய காரணம்.

முதலாட்டமே வியப்பாயிற்று. வோலா வோலா அணிக்கெதிராகப் பந்தெறிந்த ஜீன் லந்தோர்ன், எதிரணியினர் ஒருவரேனும் பந்தை அடித்துத் தளமடைய இடங்கொடாது ஆட்டத்தை முடித்தார். பல்லாண்டு ஆடிய பெரும் பந்தெறியாளர் பலருக்கும் கிட்டாத பேறு அது. நகரத்தவர் மெல்ல மெல்ல மைதானத்துக்குத் திரும்பலாயினர். எதிரணியைத் தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெல்லும் நிலை வரும்போது ஜோ காசா என்னும் ஆட்டக்காரர் தும்புத்தடியொன்றைத் தூக்கிக்கொண்டு தோன்றுவார். கூட்டாட்டம் முழுவதும் துடைத்தெறியப்பட்டதென்பது குறிப்பு. சிலவேளை அதற்கு நெருப்பும் மூட்டுவார். இது விளையாட்டு மரபுக்கு ஒவ்வாதென்று முகஞ்சுளித்தோரும் உண்டு. அவர்களை முற்றாகக் குறைகூறவும் இயலாது. ஆயினும் அவ்வாண்டுகளில் அணி ஆட்டத்தையும் நன்றாகவே ஆடிற்று என்பதை மறத்தலாகாது. வேடிக்கையால் மட்டும் மக்கள் நான்கைந்து வருடம் நுழைவுச்சீட்டு வாங்கமாட்டார்கள்.

ஆட்டக்காரருள் முதலிற் கூறத்தக்கவர் ஜிம் பௌட்டன். 1963 இல் யாங்கீஸ் அணிக்கு 21 வெற்றிகளும், அடுத்த ஆண்டு உலகத் தொடரில் இரு வெற்றிகளும் ஈட்டித் தந்த இவரது கை பின்னர் பழுதுற்றது. 1970 இல் இவர் வெளியிட்ட 'போல் ஃபோர்' என்னும் நூல், ஆட்டக்காரரின் உட்புற வாழ்வை ஒளிவுமறைவின்றிக் கூறியமையால், ஆட்ட உலகின் பெரியோர் இவரைப் பகைத்தனர். அவ்வாண்டிலேயே ஓய்வு பெற்றுத் தொலைக்காட்சியிற் பணியாற்றிய பௌட்டன், பந்தெறியும் ஆசை அடங்காதவராய், 1975 இல் மாவெறிக்ஸ் அணியிற் சேர்ந்து அப்பருவத்தில் ஆடினார். 1977 இலும் திரும்பி வந்தார். உலகத் தொடரில் வென்ற மனிதர் சிற்றூர்களுக்குப் பழைய பாடசாலை பஸ்ஸில் ஏறிப் பயணஞ் செய்தார். முன்போல் வேகப்பந்து எறியக் கை இடங்கொடாமையால், விரற் கணுக்களாற் பிடித்துச் சுழலாமல் எறியும் பந்தையே அவர் நம்பினார். அடுத்த ஆண்டு, தம் 39 ஆம் வயதில், அட்லாண்டா பிறேவ்ஸ் அணிக்காகப் பெரு லீக்கிலே மீண்டும் எறிந்து ஓர் ஆட்டத்தில் வென்றார். எட்டாண்டு இடைவெளிக்குப்பின் அவ்வாறு மீண்டவரைக் காண்டல் அரிது. மாவெறிக்ஸ் இல்லையாயின் அம்முயற்சி எங்கே தொடங்கியிருக்கும்?

உரிமையாளரின் மகன் கேட் றசல் மற்றொருவர். கலிபோர்ணியா ஏஞ்சல்ஸ் அணியின் பண்ணை அணியொன்றில் ஆடியபோது தோட்பட்டை பழுதுற்றமையால் அவர் எதிர்காலம் முறிந்தது. சிறிதுகாலம் தந்தையின் அணியில் ஆடியபின் நடிப்புத் தொழிலுக்கே மீண்டார். பிற்காலத்தில் அவர் பெற்ற புகழை யாவரும் அறிவர். றொப் நெல்சன் என்னும் இடக்கைப் பந்தெறியாளரின் கதை சுவையானது. ஆட்டக்காரர் பலரும் புகையிலையை மெல்லுவதைக் கண்ட அவர், புகையிலைபோல் நார்நாராய்க் கிழித்த இனிப்புக் கோந்தைப் பையிலிட்டு விற்றால் என்ன என்று 1977 இலே பௌட்டனிடம் கூறினார். பௌட்டன் முதலிட்டார். 1980 இல் 'பிக் லீக் சூ' என்னும் பெயரோடு கடைக்கு வந்த அப்பண்டம் பல கோடிப் பைகள் விற்றுவிட்டது. முதற் பரிசோதனை நிகழ்ந்தது அணியின் துடுப்பெடுக்கும் சிறுவன் ரொட் ஃபீல்ட் வீட்டுச் சமையலறையில். அச்சிறுவனே பின்னாளில் திரைப்பட நெறியாளராய்ப் பெயர்பெற்றான்.

நிருவாகத்திலும் றசல் பிறர் செல்லாத வழி சென்றார். லானி மொஸ் என்னும் இளம்பெண்ணைப் பொதுமேலாளராக நியமித்தார். தொழின்முறை பேஸ்போலில் அப்பதவியை வகித்த முதற் பெண்களுள் அவர் ஒருவர்.

1977 ஆம் ஆண்டுப் பருவமே அணியின் உச்சம். 66 ஆட்டங்களில் 44 வெற்றி. உள்ளூரில் நடந்த 33 ஆட்டங்களுக்கு 125,000 இற்கு மேற்பட்டோர் வந்தனர். குறும்பருவ லீக் அணி எதுவும் அதற்குமுன் அத்துணைக் கூட்டம் கண்டதில்லை. இறுதிப் போட்டியில் சியாற்றில் பேரணியின் பண்ணையாகிய பெல்லிங்கம் அணியிடம் மாவெறிக்ஸ் தோற்றது.

தோல்வியிலும் கொடியது வெற்றியால் விளைந்தது. போட்லண்டில் பேஸ்போல் பிழைக்கும் என்று மாவெறிக்ஸ் நிரூபித்துவிட்டமையால், நகரைக் கைவிட்டுப் போன பசிபிக் கரை லீக் மீண்டும் அதனை விரும்பிற்று. உயர்தர லீக்கொன்று கீழ்த்தர லீக் அணியின் ஊரைக் கேட்டால், நட்டஈடு பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுக்கவேண்டும் என்பது அக்காலச் சிறு லீக் விதி. மறுக்கும் உரிமை இல்லை. எவ்வளவு என்பது மாத்திரமே வழக்கு. லீக் சிறுதொகை தர முன்வந்தது. றசல் 206,000 டொலர் கேட்டார். வழமையாகக் கொடுக்கப்படும் தொகைகளோடு ஒப்பிடுகையில் அது நகைப்புக்கிடமாகத் தோன்றியது. விடயம் நடுவர் தீர்ப்புக்குச் சென்றது. ஐந்தாண்டு உழைப்பால் வளர்ந்த ஊரின் மதிப்பே தாம் கேட்பது என்று றசல் வாதித்தார். கேட்ட தொகை முழுவதும் அவருக்குத் தீர்ந்தது. சிறு லீக் ஊர் ஒன்றுக்கு அதுவரை கொடுக்கப்பட்ட விலைகளுள் அதுவே பெரியது. வழக்கில் வென்றவர் றசல். அணியை இழந்தவரும் அவரே.

1978 இல் பீவர்ஸ், கிளீவ்லன்ட் பேரணியின் பண்ணையாகப் போட்லண்டுக்குத் திரும்பிற்று. மாவெறிக்ஸ் ஆட்டக்காரர் திசைக்கொருவராகக் கலைந்தனர். பேரணிகளைச் சாராத லீக்குகள் தலையெடுக்க 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிங் றசல் 2003 இற் காலமானார். 2014 இல் அவருடைய பேரர் இருவர் இவ்வணியைப் பற்றி ஆவணப்படமொன்று எடுத்து வெளியிட்டனர். பீவர்ஸ் என்னும் பெயரும் போட்லண்டில் நிலைக்கவில்லை. 2010 ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவ்வணி நகரை விட்டகன்றது. மாவெறிக்ஸ் ஆடிய மைதானம் உதைபந்தாட்டத்துக்கென மாற்றியமைக்கப்பட்டது.