பானட்டின் மேல் ஒரு கிரைண்டர்

துபாய், ஷார்ஜா பக்கம் எந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பார்க்கிங்கிலும் விடிவதற்கு முன் எட்டிப் பார்த்தால் ஒரு வாளியும் துணியுமாக ஒருவர் கார் துடைத்துக்கொண்டிருப்பார். மாதத்துக்கு இவ்வளவு திர்ஹம் என்று பேசி வைத்த கணக்கு. வரிசையாக வண்டிகள் காத்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருக்க அவருக்கு நேரமும் இல்லை, குழாயும் பக்கத்தில் இல்லை.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியை அழுக்காகத் தெருவில் விட்டுவைத்தால் 500 திர்ஹம் அபராதம் என்று துபாய் மாநகராட்சி 2019-இல் அறிவித்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், ‘நான் இல்லாதபோதும் தினம் ஒரு துடை துடைச்சுடுப்பா’ என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ஓடாத வண்டியில் புழுதி படிகிறது, துணி அதைத் தேய்த்துத் தள்ளுகிறது, மறுநாள் மறுபடி புழுதி. ஷமால் காற்று அடித்து ஓய்ந்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஆகஸ்டில் கடலோர ஈரம் இரவில் பனியாக இறங்கி அத்தனை புழுதியையும் மெல்லிய சேறாக்கி வைத்திருக்கும். துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒவ்வொரு மணலும் தன் பங்குக்கு ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும்.

அந்தக் கோடுகள் நிழலில் தெரியாது. பெட்ரோல் பங்க்கின் விளக்கடியில் நிறுத்தும்போதுதான் கறுப்பு பானட்டின் மேல் சிலந்தி வலை விரிந்தாற்போலத் தெரியும். விளக்கை நடுவில் வைத்து வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான இழைகள். இதைத்தான் ஸ்விர்ல் என்கிறார்கள். யாரோ வட்டமாகத் தேய்த்ததால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. அவற்றில் எவை அந்த விளக்கின் ஒளியை நம் கண் பக்கம் திருப்பும் கோணத்தில் இருக்கின்றனவோ அவை மட்டும் மின்னுகின்றன. அவை சேர்ந்து விளக்கைச் சுற்றி வளையமாகத் தோன்றுகின்றன. தலையை நகர்த்திப் பாருங்கள், வளையமும் கூடவே நகரும்.

இப்போது பெயின்டின் குறுக்குவெட்டைப் பார்ப்போம். அடியில் தகடு. அதன் மேல் துருப்பிடிக்காமல் இருக்க மின்முறையில் ஏற்றிய பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். 1980-களிலிருந்து பெரும்பாலான கார்களில் இந்த அமைப்புதான். எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது. கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவில் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரசாயனம் கலந்திருப்பதும் இதில்தான்.

ஸ்விர்ல் கீறல்கள் இந்த 40-இன் மேல் விளிம்பில், பெரும்பாலும் ஓரிரு மைக்ரான் ஆழத்தில் கிடக்கும். அவற்றை நிரப்பிச் சரிசெய்ய எந்த பாலிஷாலும் முடியாது. பள்ளத்தை மேட்டுக்குக் கொண்டுவர வழியில்லை என்பதால் மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறோம். பாலிஷ் என்பது அரைத்தல். கடையில் ‘கீறல் போயிடுமா அண்ணே?’ என்று கேட்கிறோம். போவது கீறல் அல்ல, கீறலைச் சுற்றியிருந்த கிளியர் கோட்.

அரைப்பது என்று சொன்ன பிறகு வீட்டு கிரைண்டரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரு நாட்டிலும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஊரிலிருந்து தூக்கிவந்து, பிளக்கை மட்டும் மாற்றி, அபுதாபி சமையலறையில் ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

முதலில் மிக்ஸியையும் கிரைண்டரையும் பக்கத்தில் வையுங்கள். மிக்ஸியின் பிளேடு ஒரே அச்சில் அசுர வேகத்தில் சுற்றுகிறது. வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மாவு சூடாகும். அதனால்தான் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கச் சொல்கிறார்கள். பாலிஷ் இயந்திரங்களில் ரோட்டரி என்பது இந்த ரகம். தேய்க்கும் பேட் ஒரே அச்சில், நிமிடத்துக்கு சுமார் 600 முதல் 3,000 சுற்று வரை ஓடும். கம்பளி பேடை மாட்டினால் ஆழமான கீறலையும் வழித்து எடுத்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு மூச்சு நின்றுவிட்டாலோ பெயின்ட் கொதித்துக் கருகும். பேடின் ஒரு விளிம்பு மட்டும் அழுந்தினால், பழைய கீறலுக்குப் பதிலாக வானவில் போல நெளியும் புதுக் கோடுகளை விட்டுவிட்டுப் போகும். இதற்கு ஹாலோகிராம் என்று பெயர். பாலிஷ் போட்ட அன்று எண்ணெய்ப் பளபளப்பில் மறைந்திருந்து, இரண்டு கழுவலுக்குப் பிறகு வெயிலில் தலைகாட்டும்.

கிரைண்டரில் பாத்திரமும் சுற்றுகிறது, கல்லும் தன் அச்சில் உருளுகிறது. டியூவல் ஆக்‌ஷன் இயந்திரம் இதே இரட்டைச் சுழற்சியில் ஓடுகிறது. மோட்டார் பேடை மையத்திலிருந்து விலக்கிப் பிடித்துச் சுழற்றும். இத்தாலியின் ரூபெஸ் கம்பெனி இயந்திரங்களில் இந்த வீச்சு 15 அல்லது 21 மில்லிமீட்டர். பேட் தன் பேரிங்கில் தானாகவும் சுற்றிக்கொள்ளும். எந்த ஒரு துகளும் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடாததால் வரி விழாது, சூடும் மட்டுப்படும். ஆனால் அரிசியை அளவுக்கு மீறிக் கொட்டினால் கல் உருளாமல் மக்கர் செய்யுமே, அதுபோல இயந்திரத்தின் மேல் உடம்பைச் சாய்த்து அமுக்கினால் பேடின் சொந்தச் சுற்று நின்றுவிடும். வெறும் அதிர்வுதான் மிஞ்சும், வெட்டு இருக்காது. நல்ல கைக்காரர்கள் பேடின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள், சுற்று நின்றால் கோடு கண்ணில் படும்.

பேடில் பொட்டுப் பொட்டாக வைக்கும் கம்பவுண்டில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 9. பாலைவன மணலின் குவார்ட்ஸுக்கு 7 மட்டுமே. மணல் போட்ட கீறலை, மணலைவிடக் கடினமான தூளைக் கொண்டுதான் எடுக்கிறோம். தூள் எவ்வளவு கடினம் என்பதைவிட எவ்வளவு நைஸ் என்பதுதான் முக்கியம். மணல் பெரியது, ஒழுங்கற்றது, ஒன்றிரண்டாக வந்து உழுகிறது. கம்பவுண்டின் துகள்கள் மிகப் பொடியானவை, கோடிக்கணக்கில் சேர்ந்து சீராகத் தேய்க்கின்றன. அவை விட்டுச்செல்லும் கீறலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது.

பல கம்பவுண்டுகளில் இந்தத் துகள்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். தேய்க்கத் தேய்க்க உடைந்து சின்னதாகும். அரிசி முதலில் நொய்யாகி, ரவையாகி, பிறகு வெண்ணெய் போல ஆவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே முதல் ஓட்டத்தில் வெட்டு, கடைசி ஓட்டத்தில் மினுக்கு. அதனால் பாதியில் துடைத்துவிட்டால் ரவைப் பதத்தில் நிற்கும் மங்கல்தான் கிடைக்கும். இரண்டடிக்கு இரண்டடி சதுரமாகப் பிரித்துக்கொண்டு, இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை என்று நாலைந்து தடவை நிதானமாக ஓட்டுவது அதற்காகத்தான். உடையாத, ஒரே அளவிலேயே நிற்கும் துகள் கொண்ட கம்பவுண்டுகளும் உண்டு. அவற்றில் நிறுத்தும் நேரத்தைக் கைதான் முடிவு செய்யும்.

தண்ணீர்ப் பதமும் அப்படியே. கம்பவுண்ட் அதிகமானால் பேட் வழுக்கும். நீர்த்த மாவில் கல் சும்மா சளசளத்துக்கொண்டிருக்கும், எதுவும் அரைபடாது. குறைந்தால் காய்ந்து பொரிந்து தூளாகப் பறக்கும். வளைகுடாவில் இந்த இரண்டாவது தொல்லைதான் அதிகம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டமே இருக்கிறது. அந்த வெயிலில் நின்ற பானட்டில் கம்பவுண்ட் வைத்தால் பேட் சுற்றுவதற்குள் காய்ந்துவிடும். துபாயின் அல் கூஸிலும் அபுதாபியின் முசாஃபாவிலும் உருப்படியான கடைக்காரர்கள் வண்டியை உள்ளே ஏற்றி, தகடு ஆறிய பிறகே கை வைக்கிறார்கள். கராஜ் வாசலில், தகரக் கூரை நிழலில் நிறுத்திப் ‘பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம் சார்’ என்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அரிசியை ஊறவைக்கும் முன் கல் பொறுக்குவதற்கு இங்கும் இணை உண்டு. கழுவிய பிறகு இரும்புத் துகள் நீக்கும் திரவத்தை அடிப்பார்கள். பிரேக்கிலிருந்து பறந்து வந்து ஒட்டிய இரும்புப் பொடியோடு அது சேர்ந்ததும் வண்டியின் மேல் ஊதா நிறம் வழியும், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். அடுத்து களிமண் போன்ற ஒரு கட்டியை வழவழப்புத் திரவத்தோடு தேய்த்து, ஒட்டிக்கொண்ட மீதியை எடுப்பார்கள். இதைத் தாண்டிக் குதித்தால், பேடுக்கு அடியில் ஒரே ஒரு துகள் சிக்கினாலும் போட்ட வேலை பாழ்.

பெயின்டும் எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. பச்சரிசி சட்டென்று அரைபடும், இட்லி அரிசி நேரம் கேட்கும். டொயோட்டாவின் 202 என்ற கறுப்பு, மெத்தென்று இருப்பதற்குப் பெயர்போனது. துணி பட்டாலே கீறும், அதே சுலபத்தில் பாலிஷும் ஆகும். நிசான் 2005-இல், லேசான கீறல் தானே மறையும்படியான கிளியர் கோட்டை ஸ்க்ராட்ச் ஷீல்டு என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட் கெட்டி. ஆகவே ஒரு மூலையில் சோதனைச் சதுரம் போட்டுப் பார்க்காமல் நேரே கடினமான பேடை எடுக்கிறவர், அரிசியைத் தொட்டுப் பார்க்காமலே கிரைண்டரைத் திருகுகிறவர்தான். மென்மையான பேடில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி ஏற வேண்டும். கிரைண்டரில் கடைசிவரை ஒரே கல். இங்கே கம்பவுண்ட் முடிந்ததும் மெத்தென்ற ஸ்பான்ஜ் பேடும் இன்னும் நைஸான பாலிஷும் வரும், முதல் ஓட்டம் விட்ட மெல்லிய மங்கலை எடுக்க.

பதம் வந்ததா என்று மாவை இரு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்போம். இங்கே அந்த விரல், டார்ச் விளக்கு. ஆனால் அதற்கு முன் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைக்க வேண்டும். கம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் இறங்கி நிரவி, எல்லாம் போய்விட்டது போல ஏமாற்றும். விற்கப்போகும் வண்டிக்கு இதையே வேண்டுமென்று செய்கிறவர்கள் உண்டு. நாலு கழுவலில் ஸ்விர்ல் முழுசாகத் திரும்பி வரும், அதற்குள் முல்கியா என்கிற பதிவு அட்டையில் பெயர் மாறியிருக்கும்.

நகம் மாட்டும் கீறலை விட்டுவிடுங்கள். விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் இடறுகிறது என்றால் அது பெரும்பாலும் பாலிஷுக்கு எட்டாத ஆழம். அதைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர் கோட் தீர்ந்து நிறம் தெரியும். அதுவும் கதவு ஓரம், பானட் மடிப்பு போன்ற விளிம்புகளில் பூச்சு இயல்பிலேயே மெல்லியது, பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். பழக்கப்பட்டவர்கள் விளிம்பில் டேப் ஒட்டிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் கவனம் வேண்டும். இரும்புத் தகடு சூட்டை இழுத்துப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அதே இடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டு கட்ட பாலிஷில் சில மைக்ரான் போகும். 40-இல் இது பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் வருஷா வருஷம் ‘ஃபுல் பாலிஷ்’ போடுகிறவர் வீட்டில் வேறு கணக்கு. மாவு தீர்ந்தால் இன்னொரு படி அரிசி ஊறப்போடலாம், கிளியர் கோட்டுக்கு அந்த வசதி கிடையாது. மேலே செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் கீறலே விழாது என்று விற்கிறார்களே, அந்த 9எச் என்பது பென்சில் கடினத்தன்மை அளவு. மோஸ் அளவின் 9 அல்ல. தண்ணீர் முத்துப்போல உருண்டு ஓடும், புழுதி குறைவாக ஒட்டும், கழுவுவது சுலபம், இவை நிஜம். காய்ந்த துணியால் மணலைத் தேய்த்தால் கோட்டிங்கும் கீறும்.

வெள்ளை வண்டிக்காரர்களுக்கு இதில் பாதித் தலைவலி இல்லை. வளைகுடாச் சாலைகளில் வெள்ளை நிறைந்திருப்பது சூட்டுக்காக என்று சொன்னாலும், ஸ்விர்லை மறைப்பதில் அதற்கு நிகரில்லை. வெள்ளை லேண்ட் குரூசருக்கு ஸ்விர்ல் எடுக்கவென்று பாலிஷ் போடுவது என் கணக்கில் வீண் செலவு.

கறுப்பு வண்டி வைத்திருப்பவர் கடையில் முதலில் கேட்க வேண்டியது பெயின்ட் தடிமன் மீட்டர் இருக்கிறதா என்பது. கைக்குள் அடங்கும் கருவி, தகட்டின் மேல் வைத்தால் மைக்ரான் காட்டும். இரும்பில் காந்தத் தூண்டலாலும், அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தாலும் அளக்கிறது. மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. ஆனாலும் ஒவ்வொரு தகட்டிலும் பாலிஷுக்கு முன்னும் பின்னும் குறித்து வாங்கிக்கொண்டால் எவ்வளவு போனது என்பது தெரியும். பழைய வண்டி வாங்குகிறவரின் சோதனையிலும் இதே கருவி வரும். கூரையில் 120, கதவில் 125, இடது ஃபெண்டரில் 300 என்றால் அந்த ஃபெண்டர் மறுபடி பெயின்ட் கண்டது. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கமெல்லாம் 120 காட்டி பானட் மட்டும் 90 காட்டினால், முந்தைய சொந்தக்காரர் பளபளப்புப் பிரியர். அந்த பானட்டுக்கு மேற்கொண்டு கம்பவுண்ட் வேண்டாம் என்று ராஸ் அல் கோர் பழைய கார் மார்க்கெட்டிலேயே சொல்லிவிடலாம்.