நூற்றுக்கு நாலு இருந்தாலே பாஸ்! விந்தணு வடிவம்... எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம்?

பௌர்ணமி இரவில் ரமணாசிரமத்தைத் தாண்டி கிரிவலப் பாதையில் நடக்கும் கூட்டத்தில், குழந்தை வரம் கேட்டு வரும் தம்பதிகளும் உண்டு. 14 கிலோமீட்டரையும் வெறுங்காலில் நடக்கிறார்கள். திருவண்ணாமலைக்கு இந்த ஏக்கம் புதிதல்ல. வாரிசில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்கிறது தலபுராணம். இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், மகன் ஸ்தானத்தில் சுவாமியே மன்னருக்குத் திதி கொடுக்கிறார்.

மன்னர் கதை அப்படி. வீடுகளிலோ, 'விசேஷம் உண்டா?' என்ற கேள்வி மருமகளிடம்தான் வருகிறது. விரதம், ஸ்கேன், மாத்திரை எல்லாம் அவருக்கே. ஆனால், குழந்தையின்மைப் பிரச்னைகளில் ஏறக்குறைய பாதியில் ஆணுக்கும் பங்கு இருக்கிறது. கணவருக்கான முதல் பரிசோதனையோ ரொம்ப எளிது. ஊசிகூடக் கிடையாது, விந்து மாதிரி கொடுத்தால் போதும்.

தயங்கித் தயங்கிப் பரிசோதனை செய்துகொள்பவரையும் ரிப்போர்ட் கலங்கடித்துவிடும். 'மார்ஃபாலஜி: நார்மல் 4%' என்று இருக்கும். அப்படியானால் 96 சதவிகிதம் கோளாறா?

இல்லை. முட்டை வடிவத் தலை, ஒல்லியான நடுப்பகுதி, ஒற்றை வால்... இதில் எங்கே கொஞ்சம் பிசகினாலும் அந்த விந்தணுவை 'அப்நார்மல்' கணக்கில் சேர்த்துவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் தினஸ் க்ரூகர் குழு 1986-ல் முன்வைத்த கறாரான அளவுகோல் இது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடும் 4 சதவிகிதத்தைத்தான் குறைந்தபட்ச அளவாகச் சொல்கிறது. இந்த எண் வந்த வழிதான் சுவாரஸ்யம். மனைவி ஒரு வருடத்துக்குள் கருத்தரித்த ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி 5 சதவிகிதம் பேரைப் பிரிக்கும் கோடாக இதை வைத்தார்கள். அதாவது, அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் அப்பாக்கள்தான்!

வடிவத்துக்கு வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. தலையின் முன்பகுதியில் இருக்கும் தொப்பி போன்ற உறைதான், கருமுட்டையின் வெளிச்சுவரைத் துளைக்க உதவுகிறது. அரிதாகச் சிலருக்கு எல்லா விந்தணுக்களுமே இந்தத் தொப்பி இல்லாமல் உருண்டைத் தலையோடு இருக்கும். அவர்களுக்கு இயற்கையாகக் கரு உருவாவது மிகக் கடினம். 'இக்ஸி' சிகிச்சை தேவைப்படும். மற்றவர்களுக்கு, எண்ணிக்கையையும் நீந்தும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். கோணல் விந்தணுவால் கோணல் குழந்தை பிறக்கும் என்பது வெறும் பயம்.

விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால், போன மாதம் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியலாம். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல், இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பது அதற்காகத்தான். புகை, உடல் பருமன், விரைப்பை ரத்தநாளங்கள் புடைக்கும் 'வெரிகோசீல்' ஆகியவையும் பாதிக்கும். ஜிம்மில் உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டீரான் ஊசி போடுவது இன்னும் மோசம். விந்தணு உற்பத்தியையே அது நிறுத்திவிடக்கூடும்.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள்கள் தாம்பத்தியம் கூடாது. வீட்டில் மாதிரி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றால் (மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில்) இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போகலாம்.