பத்திரம் இருக்கு, மனை இருக்கா?

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது எதை எழுதுவது என்று ரொம்ப யோசித்தேன். நட்பு, காதல், தாய்மை என்று எழுத நம் காலேஜில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் மனை, நிலம், பட்டா என்று ஒரு வறட்சியான விஷயத்தை எடுத்துக்கொண்டேன். ரியல் எஸ்டேட் என்றால் வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு செல்போன், "சார், பஸ் ஸ்டாண்டிலிருந்து அஞ்சே நிமிஷம்" என்று பேசுகிற ஆள்தான் நம் கண்ணுக்குத் தெரியும். அது ஒரு படிப்பு, அதில் நமக்குப் பாதி ஏற்கெனவே தெரியும் என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. அதுவும் கிளாஸில் தெரியவில்லை, எங்கப்பா வாங்கின மனையில் தெரிந்தது.

அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். 2008-ல் ஒரு புரமோட்டர் ஊருக்குள் வேன் விட்டு, கலர் கொடி கட்டிய மனைகளைக் காட்டி, மத்தியானம் பிரியாணியும் போட்டு அனுப்பினார். மாதம் ஆயிரம் ரூபாய், அறுபது மாதம். அப்பா ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினார். 2013-ல் மூன்று செண்ட் மனைக்குப் பத்திரம் பதிவாயிற்று. அன்றைக்கு அம்மா அந்தப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தது எனக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது.

2017 தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மனையை விற்கலாம் என்று பார்த்தால் பதிவு ஆபீஸில் முடியாது என்றுவிட்டார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ந் தேதி தடை போட்டிருந்தது. தமிழ்நாடு பூராவும் அந்த மாதங்களில் எத்தனையோ குடும்பம் இப்படி நின்றது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தபிறகுதான் வழி பிறந்தது. அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. ஐந்து வட்டிக்கு வாங்கின கடனும் ஏறிவிட்டது.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குன்னாங்களே" என்று அப்பா இன்னும் சொல்வார். நண்பர்களே, இந்த ஒரு வார்த்தையில் ஏமாந்தவர்கள் ரொம்பப் பேர். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி., சென்னைப் பகுதியானால் சி.எம்.டி.ஏ., இவர்களின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் சீல் குத்திக் கொடுத்த வரைபடம் அங்கீகாரம் ஆகாது. ரோடு இத்தனை அடி அகலம் வேண்டும், பெரிய மனைப்பிரிவு என்றால் பூங்காவுக்குப் பத்து சதவீதம் விட வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. அதை விட்டால் மனை குறையும், மனை குறைந்தால் லாபம் குறையும். அங்கீகாரம் வாங்காமல் விற்றதற்கு இதுதான் காரணம், வேறு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். செயின் சர்வே பிராக்டிகல் முடிந்த கையோடு, நானும் என் ரூம்மேட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது மீட்டர் டேப்போடு அப்பாவின் மனைக்குப் போனோம். சும்மா ஒரு ஆசைதான். பட்டாவும் புலப்படமும் இப்போது அரசாங்கத்தின் இணையப் பக்கத்திலேயே பார்க்கலாம். சர்வே நம்பரைப் போட்டுப் புலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டோம். புலப்படம் என்றால் தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எல்லைக் கற்கள் எங்கே, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எவ்வளவு தூரம், உள்ளே ஆப்செட் எவ்வளவு என்று எழுதிய படம். நாம் ஃபீல்டு புக்கில் போடுகிறோமே, அதே சங்கதிதான். பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 66 அடி கன்ட்டர் செயினில் நூறு லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு செண்ட், அதாவது 435.6 சதுர அடி. செண்ட் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது!

அப்பாவின் மனை வரிசையில் பத்தாவது, கடைசி. பத்திரப்படி ஒவ்வொரு மனையும் முப்பது அடி அகலம், நாற்பத்து மூன்றரை அடி நீளம். பத்து மனை சேர்ந்தால் 300 அடி வேண்டும். நடுவில் குறுக்கு ரோடு கிடையாது. வரிசை வயலின் ஒரு வரப்பில் தொடங்கி மறு வரப்பில் முடிகிறது. புலப்படத்தில் அந்தப் பக்கத்தின் நீளம் 88.4 மீட்டர். கால்குலேட்டரில் போட்டேன். 290 அடி.

திரும்பவும் போட்டேன். 290-தான்.

டேப்பைப் பிடித்து இரண்டு தடவை அளந்தோம். முதல் ஒன்பது மனையும் முப்பது முப்பது அடி சரியாக இருக்கிறது. மூன்றில் வீடே கட்டிவிட்டார்கள். பத்தாவதுக்கு இருபது அடிதான் மிச்சம். மீதிப் பத்தடி பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் இருக்க வேண்டும்! புரமோட்டர் அங்கேதான் கல் நட்டிருந்தார். தோப்புக்காரர் வேலி போட்டபோது அந்தக் கல் போய்விட்டது. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, அவர் தன் சர்வே நம்பருக்குள்தான் வேலி போட்டிருக்கிறார். ஆக மூன்று செண்ட் என்று அறுபது மாதம் பணம் கட்டின இடம் தரையில் இரண்டு செண்ட். பேப்பரில் இருந்த ஒரு செண்ட் பூமியில் எங்கேயும் இல்லை.

வில்லங்கச் சான்று போட்டால் சுத்தமாக இருக்கும். பத்திரம் பக்காவாக இருக்கும். ஆனால் தனக்கு இல்லாத நிலத்தை ஒருத்தர் விற்க முடியாது. அது எவ்வளவு அழகாகப் பதிவானாலும் சரி. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் விற்பனை என்றால் என்ன என்று சொல்கிறது, 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் அதைப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு ஆபீஸில் டேப் பிடித்து மனையை அளப்பதில்லை. அளவும் பட்டாவும் வருவாய்த்துறை, நில அளவைத்துறை பாடு. மனைப்பிரிவு அனுமதி டி.டி.சி.பி. பாடு. ஒரே நிலத்துக்கு மூன்று ஆபீஸ், மூன்று பேப்பர். எங்கள் வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. பட்டா இன்னும் பழைய விவசாயிகள் நான்கு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே ஆள் படிக்கிற மாதிரி படிப்பு எங்கேயாவது இருக்கிறதா?

இருக்கிறது. லண்டனில் 1868-லேயே சர்வேயர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு அதற்குப் பெயர் ஆர்.ஐ.சி.எஸ். அங்கே சர்வேயர் என்றால் செயின் பிடிக்கிறவர் மட்டும் இல்லை. சொத்துக்கு மதிப்புப் போடுபவர், கட்டடத்துக்கு அளவெடுத்துச் செலவு கணிப்பவர், வாடகைச் சொத்தை நிர்வகிப்பவர் எல்லோரும் சர்வேயர்தான். ரெடிங் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ரியல் எஸ்டேட்டைப் பட்டப் படிப்பாகவே படிக்கலாம். நிலச்சட்டம், மதிப்பீடு, நகரமைப்பு, கட்டடத் தொழில்நுட்பம், கடன், வட்டிக் கணக்கு எல்லாம் ஒரே கூரைக்குள்.

நம் ஊர் ஒன்றும் பின்தங்கிப் பிறக்கவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரி இருக்கிறதே, அது 1794-ல் தொடங்கியபோது சர்வே பள்ளிக்கூடம்தான்! லாம்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்துதான் இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்குப் பிள்ளையார் சுழி போட்டார். நிலத்தை அளப்பதில்தான் நம் ஊரில் என்ஜினீயரிங் படிப்பே ஆரம்பித்தது. பின்னால் அளவு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கம் என்று பிரிந்து போய்விட்டது.

இந்தியாவில் இப்போது இதற்கென்று இருப்பவை பெரும்பாலும் டிகிரிக்கு மேலே உள்ள படிப்புகள். 1983-ல் தொடங்கிய நிக்மார், புனேயில் ரியல் எஸ்டேட் நிர்வாகம் சொல்லித்தருகிறது. குஜராத்தில் வல்லப் வித்யாநகரில் உள்ள சர்தார் பட்டேல் பல்கலைக்கழகம், சொத்து மதிப்பீட்டுக்கென்றே முதுகலைப் படிப்பு நடத்திப் பெயர் வாங்கியது. எம்.பி.ஏ.வில் ரியல் எஸ்டேட் என்று தனியார் பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்கின்றன. என் சொந்த அபிப்பிராயம், கடன் வாங்கி அந்த எம்.பி.ஏ.வுக்கு ஓட வேண்டாம். சர்வேயும் எஸ்டிமேட்டும் தெரிந்த நமக்கு அதைவிட நேரான பாதை ஒன்று இருக்கிறது.

அது மதிப்பீட்டாளர் வேலை. கம்பெனிச் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த விதிப்படி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆவதற்கு நிலம்-கட்டடம் என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. சிவில், ஆர்க்கிடெக்சர், நகரமைப்பு இவற்றில் பட்டமும் ஐந்து வருஷ அனுபவமும் வேண்டும். முதுகலை என்றால் மூன்று வருஷம் போதும். 50 மணி நேர வகுப்பு முடித்து, பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். டிப்ளமா மட்டும் போதாது, அது உண்மைதான். ஆனால் நமக்கு நேரடி இரண்டாமாண்டு பி.இ. இருக்கிறதே. அதை முடித்துவிட்டு, வேலைக்குப் போய், ஐந்து வருஷம் கழித்து எழுதலாம்.

அந்தப் பரீட்சையில் வருகிற கணக்கு நாம் எஸ்டிமேட்டிங் பேப்பரில் கடைசி யூனிட் என்று சாய்ஸில் விட்டோமே, அதுதான்! ஒரு கடை, செலவெல்லாம் போக வருஷத்துக்கு 60,000 ரூபாய் வாடகை தருகிறது. அந்த மாதிரிச் சொத்தில் ஆறு சதவீத வருமானம் நியாயம் என்றால், நூறை ஆறால் வகுத்து 16.67, அதை 60,000-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய பத்து லட்சம். இது வாடகை முறை. சொந்த வீடு என்றால் நிலத்துக்குத் தனி விலை, கட்டடத்துக்கு இன்றைய கட்டுமானச் செலவில் தேய்மானம் கழித்துத் தனி விலை. காலி மனை என்றால் பக்கத்தில் விற்ற மனைகளோடு ஒப்பிட வேண்டும். ரோட்டு அகலம், மூலை மனையா, அங்கீகாரம் உண்டா என்று ஏற்றி இறக்க வேண்டும். அரசின் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கான கணக்கு, அதுவே சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் மனையை அப்படி மதிப்புப் போட்டுப் பார்த்தேன். ரிசல்ட்டை இங்கே எழுத மனசு வரவில்லை.

டிப்ளமாவோடு நிற்கிறவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. 2022-ல் டி.என்.பி.எஸ்.சி. நில அளவர், வரைவாளர் வேலைக்கு ஆயிரத்துக்கு மேல் இடம் அறிவித்தபோது சிவில் டிப்ளமாக்காரர்கள் எழுத முடிந்தது. உரிமம் பெற்ற நில அளவர் என்று ஒன்று உண்டு, தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் நில அளவைப் பயிற்சி நிலையமும் உண்டு. நம் செட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரெரா பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016-ல் வந்த மத்தியச் சட்டம், 2017 மே 1 முதல் முழுசாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ, எட்டுக்கு மேற்பட்ட ஃபிளாட்டோ விற்கிறவர் முதலில் பதிவு செய்ய வேண்டும். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் எழுபது சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இந்தத் திட்டங்களை விற்கிற புரோக்கரும் பதிவு செய்ய வேண்டும். மகாராஷ்டிராவில் 2023-லிருந்து ஏஜெண்டுகளுக்குப் பயிற்சியும் பரீட்சையும் வைத்துவிட்டார்கள். அதாவது வெள்ளைச் சட்டைக்காரரும் இனி புஸ்தகத்தைப் புரட்ட வேண்டும்! 2008-ல் இதெல்லாம் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் ரெராவில் பதிவான மனையாக இருந்தாலும் பத்து முப்பதை கூட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா?

அளந்துவிட்டு வந்து இரண்டு வாரம் நான் அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு ராத்திரி சாப்பிடும்போது படத்தைப் போட்டுக் காண்பித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மத்த ஒம்பது பேருக்கும் சரியா இருக்காப்பா?" என்று கேட்டார். "இருக்குப்பா" என்றேன். "வீடு கட்டினவங்களுக்கு ஒண்ணும் பிரச்னை வராதுல்ல?" என்றார். வராது என்றேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

புரமோட்டர் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. இருக்கிற இரண்டு செண்டுக்காவது உட்பிரிவு செய்து எங்கள் பெயரில் பட்டா கேட்டு தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறோம். சர்வேயர் வரும் தேதி இன்னும் தெரியவில்லை. "அவர் அளக்கும்போது நீ கூட நில்லு, என்ன சொல்றாருன்னு எனக்குப் புரியாது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு கான்கிரீட் லேப் இருந்தால் எங்கள் ஹெச்.ஓ.டி. சார் அட்டெண்டன்ஸில் கொஞ்சம் கருணை காட்ட வேண்டும் என்று இந்த மலரின் வாயிலாகவே கேட்டுக்கொள்கிறேன்.