பேய்ப் படங்களின் அடுத்த பாகங்களைப் பார்க்கலாமா?

ஒரு பேய்ப் படம் வெற்றி பெற்றால் அடுத்தடுத்த பாகங்கள் வருவது வழமையாகிவிட்டது. அவற்றை நம்பிப் பார்க்கலாமா? ராகவா லோரன்ஸ் இயக்கி நடித்த ‘முனி’ வரிசை இதற்கு நல்ல உதாரணம்.

2007இல் ‘முனி’ வெளியானது. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் ஆவி, பேய்க்குப் பயந்த ஒருவனின் உடலுக்குள் புகுந்து பழிதீர்ப்பதே கதை. 2011இல் வந்த இரண்டாம் பாகமான ‘காஞ்சனா’வும் அதே அச்சில் வார்த்ததுதான். ஆனாலும் அதுவே அதிகம் பேசப்பட்டது. காரணம், சரத்குமார் நடித்த காஞ்சனா என்ற திருநங்கை. வைத்தியசாலை கட்டுவதற்காக அவர் வாங்கிய காணியை அரசியல்வாதி ஒருவர் அபகரிக்கிறார். தட்டிக்கேட்ட காஞ்சனா கொல்லப்படுகிறார். பயமுறுத்தும் விதம் பழையது. சொல்லப்பட்ட அநீதி புதியது.

2015, 2019ஆம் ஆண்டுப் பாகங்களில் சத்தமும் பகிடியும் கூடின. ஆவியின் கதையோ மனதில் தங்கவில்லை.

காணியை இழந்தவர்களும் உறவுகளுக்கு நீதி தேடுபவர்களும் வாழும் எமது மண்ணில் இந்த வேறுபாடு சிறியதல்ல. திரையில் இறந்தவரே திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். இங்கே உயிரோடு இருப்பவர்கள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை மதிக்கும் படத்துக்கு எத்தனையாவது பாகம் என்பது பொருட்டல்ல.

எனவே அடுத்த பாகத்தைப் பார்க்கும் முன், பார்த்தவர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்தப் பேய் யார், ஏன் செத்தது? பதில் சொல்லத் தடுமாறினால் தவிர்த்துவிடலாம்.