பிளாண்டர்ஸ் போஜனசாலைகள்
பெல்ஜியத்தின் வடபாகமாகிய பிளாண்டர்ஸில், கெண்ட், புரூஜ் முதலிய புராதன நகரங்களின் போஜனசாலைகளில் ராஜபோகமான பதார்த்தங்களை எதிர்பார்த்து அமர்கிறவர், தம்முன் வைக்கப்படுவது குடியானவர் அடுப்பில் பிறந்த உணவே என்று கண்டு வியப்படைவார்.

பழுப்பு நிறப் பீரில் மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு இட்டு, குழம்பு கெட்டிப்படும்பொருட்டுக் கடுகு விழுது தடவிய ரொட்டியையும் சேர்த்து, சிறுதீயில் மணிக்கணக்காக வேகவைக்கும் ‘ஸ்டோஃப்ளேஸ்’ அவற்றுள் பிரதானமானது. கெண்ட் நகருக்குரிய ‘வாட்டர்சோய்’ ஆதியில் மீனால் ஆக்கப்பட்டு, பிற்காலத்தில் கோழிக்கும் இடமளித்தது. பாலேடும் முட்டை மஞ்சட்கருவும் அதன் சாற்றுக்குச் செழுமை தரும். செலரியோடு வெந்த கடற்சிப்பிகள் வெந்த பாத்திரத்தோடேயே மேஜைக்கு வர, காலியான ஓட்டையே இடுக்கியாகக் கொண்டு மற்றவற்றின் சதையை எடுத்து உண்பது அங்கே சகஜம். இருமுறை பொரித்த உருளைக்கிழங்கு அதற்குத் துணை.

பீர் வகை ஒவ்வொன்றுக்கும் பிரத்தியேகக் கண்ணாடிக் குவளை வைத்திருக்கும் அந்நாட்டின் பீர் கலாசாரத்தை யுனெஸ்கோ 2016-ல் மானுட பாரம்பரியமாக அங்கீகரித்தது.